யாரும் வரவேண்டிய கட்டாயம் இல்லை

என் கடை வாசலில் ஒரு அறிவிப்புப் பலகை உண்டு. காணாமல் போன பூனை, விற்பனைக்கு வந்த படகு, தேவாலயத்துக் கூட்டு விருந்து, எல்லாம் அதில்தான் வரும். போன மே மாதம் மூன்று வாரம் தொடர்ந்து எல்வின் பெல்கி அதில் ஒரே அட்டையைக் குத்தி வைத்தான்.

"சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஓடைப் பாலத்தில் இருப்பேன். உத்தரம் தூக்க வேண்டும். பீன்ஸும் காப்பியும் உண்டு. யாரும் வரவேண்டிய கட்டாயம் இல்லை. எல்வின்."

கடைசி வரிக்குக் கீழே மட்டும் அழுத்தமாக இரண்டு கோடு. அந்தக் கோடுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எல்வினை ஒன்றாம் வகுப்பிலிருந்து தெரியும். நியூ ஹாம்ப்ஷயரில் எங்களுடையதைப் போன்ற மலையூரில் அறுபது வருடம் ஒருவரைத் தெரியும் என்றால், பார்த்தால் தலையாட்டுவோம் என்று அர்த்தம். அடுத்தவர் வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்கமாட்டோம். அதில் எங்களுக்கு ஒரு பெருமையும் உண்டு.

பத்தொன்பது வருடம் அவன் ஊர் நிர்வாகத்தின் பனி வாரும் லாரியை ஓட்டினான். ஒரு நவம்பரில் அவனுக்கு உத்தரவு வந்தது. மேட்டில் ஒரு வீட்டுக் கோழிக்கூடு விதிப்படி சாலையிலிருந்து இருக்கவேண்டிய தூரத்துக்கு நாலடி குறைவாம், போய் இடித்துத் தள்ளிவிட்டு வா என்று. போனான். கூட்டு வாசலில் அந்த வீட்டுப் பெண் கோழி ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றிருந்தாள். லாரியைத் திருப்பிக்கொண்டு வந்து சாவியை மேஜைமேல் வைத்தான். "இனிமே யாரையும் எதுக்கும் நான் நெருக்கப் போறதில்ல" என்றான். அவ்வளவுதான், வேலை போனது.

சொன்னால் சொன்னதுதான். அவன் கருவிக் கொட்டகைக்கு அன்றிலிருந்து பூட்டு கிடையாது. யாருக்கு ரம்பம் வேண்டுமோ எடுத்துப் போகலாம், வேலை முடிந்ததும் கொண்டுவந்து வைக்கலாம். மற்றவர்கள் தங்கள் காட்டு ஓரத்தில் அத்துமீறி நுழையாதே என்று பலகை அடிப்பார்கள். அவன் பலகையில் "நடக்கலாம், கதவைச் சாத்திவிட்டுப் போங்கள்" என்று இருக்கும். தார்டிஃப் வீட்டு நாய் அவனுடைய ஆறு கோழிகளைக் கடித்துப் போட்டபோது போலீசுக்குச் சொல்லவில்லை. ஒரு கட்டு மரச்சட்டத்தைத் தோளில் போட்டுக்கொண்டு போய், தார்டிஃபோடு சேர்ந்து இரண்டு நாளில் நாய்க்கு வேலி கட்டிக் கொடுத்தான். மார்ச் மாத ஊர்க்கூட்டத்துக்குத் தவறாமல் வருவான். எதற்கும் கை தூக்கமாட்டான். ஆம் என்றாலும் இல்லை என்றாலும் இரண்டு கையும் பைக்குள் இருக்கும். "எல்வினுக்கு இன்னிக்கும் கை வலி" என்று பின்பெஞ்சில் சிரிப்பார்கள்.

அவன் நாய் பிக்கிளைக்கூட கயிறு போட்டு இழுக்கமாட்டான். அது ஒரு குளிர்காலத்தில் என் கடைக்கு வந்தது, அடுப்புப் பக்கத்தில் படுத்தது, போகவில்லை. தினமும் காலையில் எல்வின் வந்து அதன் காதைத் தடவிவிட்டு, ஒரு காப்பி குடித்துவிட்டுத் தனியாகத் திரும்பிப் போவான். ஒரு நாள்கூட வா என்று கூப்பிட்டதில்லை. அதுவும் போனதில்லை.

ஒன்றைக் கவனித்திருக்கிறேன். அடுத்தவனுக்குக் கொடுக்க எத்தனை வீட்டுக் கதவை வேண்டுமானாலும் தட்டுவான். தனக்கென்று ஒன்றைக் கேட்க ஒரு கதவைக்கூடத் தட்டமாட்டான். கேட்பதும் ஒருவகை நெருக்கல் என்று நினைத்தான், மடையன்.

அவன் மனைவி இடெல்லா போனதும் இதனால்தான். ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு காலை, பின்சீட்டு முழுக்கப் பெட்டியோடு என் கடைக்குப் பெட்ரோல் போட வந்தாள்.

"எங்க கிளம்பிட்ட?" என்றேன்.

"தங்கச்சி வீட்டுக்கு. மேய்னுக்கு."

"எத்தனை நாளைக்கு?"

"தெரியல வெர்னா. நேத்து அவர்கிட்ட சொன்னேன், நான் போறேன்னு. 'உன் வாழ்க்கை, உன் முடிவு'ன்னாரு. சாப்பாட்டுக்கு என்ன வேணும்னு கேட்டா உன் இஷ்டம். ஊருக்குப் போலாமான்னா உன் இஷ்டம். நான் ஒரு மனுசனோட குடியிருந்தேனா, கதவோட குடியிருந்தேனா?"

பெட்ரோல் போட்டு முடித்தும் அவள் கிளம்பவில்லை. காரைப் பம்புக்குப் பக்கத்திலேயே ஓரமாக நிறுத்திக்கொண்டு, மேட்டுச் சாலை திரும்பும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது நிமிடம். கல்லாவுக்குப் பின்னால் கடிகாரம் இருக்கிறது, அதனால் தெரியும். பிறகு கிளம்பிப் போனாள். அவள் காத்திருந்ததை நான் எல்வினிடம் சொல்லவில்லை. நமக்கேன் வம்பு என்று இருந்துவிட்டேன்.

இனி பாலத்துக்கு வருகிறேன். அக்டோபர் வெள்ளத்தில் மேட்டுக்குப் போகும் பாலம் அடித்துக்கொண்டு போனது. ஓடைக்கு அப்பால் மேலே ஐந்து வீடு, எல்வின் வீடு அதே சாலையில் ஓடைக்கு இந்தப் பக்கம். அந்த ஐந்து வீட்டுக்காரர்கள் ஊருக்கு வர, காட்டைச் சுற்றிப் பதினொரு மைல் மண்சாலை. மார்ச் கூட்டத்தில் நிர்வாகத் தலைவன் ராஸ்கோ ஹான்ஃபோர்ட் எழுந்து, ஐந்து வீட்டுக்கும் தனி வரி போடுவோம், கட்டாதவன் வீட்டின்மேல் வரிக்கு ஈடாகப் பாத்தியதை எழுதுவோம் என்றான். அந்த ஐந்தில் ஒரு வீடு அந்தக் கோழிக்கூட்டுக்காரியுடையது. எல்வின் அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கையைப் பையிலிருந்து எடுத்தான்.

"ஜூன் முடியறவரைக்கும் விடுங்க" என்றான். "யாரையும் நெருக்க வேணாம். மனசு இருக்கறவங்க சேர்ந்து கட்டிருவோம்."

"மனசு இருக்கறவங்க யாருன்னு பேர் சொல்லு, எழுதிக்கறேன்" என்றான் ராஸ்கோ. கூடம் சிரித்தது. ஆனாலும் ஜூன்வரை விட்டார்கள். பாலம் எழும்பாவிட்டால் அந்த வீடுகளுக்கு வரி வருவதோடு முடியாது. மனிதர்களைக் கட்டாயப்படுத்தாமல் ஒரு காரியமும் நடக்காது என்று ராஸ்கோ சொல்லிவந்ததும் மெய்யாகிவிடும். எல்வின் தன் வேலையை, மனைவியை, நாயைக்கூட விட்டுக்கொடுத்தது எதற்கு என்று ஆகிவிடும்.

அவன் மரம் அறுத்தான், பலகை இழைத்தான், கரையில் கல் அடுக்கினான். எல்லாம் ஒற்றை ஆளாக. ஆனால் இரண்டு உத்தரங்களை ஒருவனால் தூக்க முடியாது, எட்டுப் பேராவது வேண்டும். அதற்குத்தான் அட்டை. முதல் சனிக்கிழமை இருபது பேருக்குப் பீன்ஸ் வேகவைத்தான். யாரும் வரவில்லை. வாரம் முழுக்க அதையே தின்றான். இரண்டாவது சனிக்கிழமையும் அப்படியே.

மூன்றாவது சனிக்கிழமை பத்து மணிக்கு எனக்குப் பொறுக்கவில்லை. கடையைப் பூட்டிவிட்டு ஓடைக்குப் போனேன். உத்தரத்தின்மேல் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் மூடிய பானை. கழுத்தெல்லாம் மே மாதத்துக் கருங்கொசு கடித்த தடிப்பு.

"எத்தனை பேர் வந்தாங்க?"

"கொசு வந்துச்சு" என்றான்.

"சிரிக்காத. எனக்கு வர்ற ஆத்திரத்துக்கு உன்னையும் அந்தப் பானையையும் சேர்த்து ஓடைல தள்ளிருவேன். கல்யாணத்துக்குக் கூப்பிடறவன் பத்திரிகைல வராட்டியும் பரவால்லன்னு கோடு போட்டு எழுதுவானாய்யா?"

"வர்றதுக்கு மனசு இருந்தா வருவாங்க வெர்னா. இல்லாதவங்களை நான் ஏன் சங்கடப்படுத்தணும்?"

"உனக்கு மனசு இருக்கா? நீ சொல்லு. அவங்க வரணும்னு உனக்கு ஆசை இருக்கா இல்லயா?"

அவன் பானை மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினான். "இருக்கு" என்றான். அந்த ஒரு வார்த்தையை வெளியே எடுக்க அவன் பட்ட பாட்டில் உத்தரத்தையே தூக்கிவிடலாம்.

அப்போதுதான் சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாது, அல்லது ஏழு வருடத்துக்கு முன்னால் சொல்லியிருக்கவேண்டும். "இடெல்லா போன அன்னிக்கு என் கடைப் பம்புகிட்ட நாப்பது நிமிசம் நின்னா. ரோடு திரும்பற எடத்தையே பாத்துக்கிட்டு. நீ வருவேன்னு."

அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. ஓடையைப் பார்த்தேன். தண்ணீர் அந்த வருடம் நிறையப் போனது.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கல" என்றேன்.

என் வாயிலிருந்து வந்த அந்தப் பதில் எனக்கே பிடிக்கவில்லை. அவனைத் திட்டிக்கொண்டே நானும் அவனைப்போலத்தான் இருந்திருக்கிறேன். அழுகை வந்தது, கொசு கண்ணில் விழுந்ததுபோல் துடைத்துக்கொண்டேன்.

அவன் எழுந்தான். தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டான். "மேட்டு வீடுங்களுக்குப் போய்க் கேக்கலாம்னு இருக்கேன். தனியாப் போக ஒரு மாதிரி இருக்கு. கூட வர்றியா?"

அறுபது வருடத்தில் என்னிடம் அவன் கேட்ட முதல் உதவி. அன்றைக்குக் கடை சாயங்காலம்வரை பூட்டியே கிடந்தது.

காட்டைச் சுற்றி என் காரில் போனோம். முதலில் ஹாஸ்கெல் வீடு. எல்வின் வாசற்படியில் நின்று, பள்ளிக்கூடத்தில் வாசகம் ஒப்பிப்பதுபோல, "அடுத்த சனிக்கிழமை நீங்க வரணும்னு கேட்டுக்கறேன்" என்றான். ஹாஸ்கெல், "எனக்குத் தோதுப்படாது, விருப்பமும் இல்ல" என்று சொல்லிக் கதவைச் சாத்தினான். சாலைக்கு வந்ததும் எல்வின் நின்றான். மூச்சு வாங்கியது.

"முடியாதுன்னுட்டான், வெர்னா."

"ஆமா."

"ஒண்ணும் ஆகல."

"என்ன ஆகும்னு நெனச்ச?"

"அவனும் மனசுல உள்ளத சொன்னான், நானும் சொன்னேன். யாரும் யாரையும் நெருக்கல." அவன் திரும்பி அந்தக் கதவைப் பார்த்தான். ஏதோ கணக்கை இத்தனை காலம் தப்பாகப் போட்டவன்போல் நின்றான்.

அடுத்து தார்டிஃப். "நீ தனியா இருக்கத்தான் விரும்பறேன்னு நெனச்சோம்யா" என்றான் அவன். "வேலி கட்டிக் கொடுத்தியே, அப்புறம் ஒரு நாள் சாப்பிடக் கூப்பிட்டோம், நீ வரல. சரி, ஆள் கிட்ட சேராதவன்னு விட்டுட்டோம். அட்டையும் அப்படித்தானே எழுதற?"

"நான் வர்றதுல உங்களுக்கு சங்கடம்னு நெனச்சேன்."

"நீ நெனச்சே, நாங்க நெனச்சோம். நல்லா நெனச்சோம், போ."

அடுத்த சனிக்கிழமை பதினோரு பேர் வந்தார்கள். கோழிக்கூட்டுக்காரி வறுத்த கோழி கொண்டுவந்தாள், ஹாஸ்கெல் வரவில்லை. ராஸ்கோவும் வந்து, கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்தான். "கை வலியா, ராஸ்கோ?" என்று தார்டிஃப் கத்தினான். எல்லாரும் சிரித்த சிரிப்பில் ராஸ்கோவும் இறங்கி வந்து இரண்டாவது உத்தரத்துக்குத் தோள் கொடுத்தான். பன்னிரண்டு மணிக்கு இரண்டும் கரையேறி உட்கார்ந்தன. பீன்ஸ் தீர்ந்துபோனது. எல்வின் காலிப் பானையைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கும் நிம்மதி.

திங்கட்கிழமை காலை வழக்கம்போல் வந்தான். காப்பியைத் தொடவில்லை. "போன் பண்ணிக்கலாமா?" என்றான். அவன் வீட்டு போனை இடெல்லா கிளம்பிப் போன அந்த வருடமே எடுத்துவிட்டான். நான் பின்பக்கம் போகிறேன் என்றேன். "இரு, வெர்னா. இருந்தா நல்லாருக்கும்" என்றான். அதனால் நின்றேன்.

"இடெல்லா, எல்வின் பேசறேன்... இல்ல, எல்லாரும் நல்லாருக்காங்க. ஒண்ணு சொல்லணும். நீ திரும்பி வரணும்னு எனக்கு ஆசை. போன அன்னிக்கும் ஆசை இருந்துச்சு. சொல்லத் தெரியல... ஆமா. வெர்னா சொன்னா. ஒம்பது நாளைக்கு முன்னாடிதான் தெரியும்."

பிறகு அவன் கேட்டுக்கொண்டேயிருந்தான். கல்லாவின் மர விளிம்பைக் கட்டைவிரலால் தேய்த்தபடி நின்றான். "சரி" என்றான். இன்னும் கொஞ்சம் கழித்து, "இல்ல, தப்பா நெனைக்கல. சரி, இடெல்லா" என்றான். போனை வைத்தான்.

"வரலியாம்" என்றான். "அங்க அவளுக்கு ஒரு வாழ்க்கை ஆயிருச்சாம். அந்த நாப்பது நிமிசத்துல நான் வந்திருந்தா காரைத் திருப்பியிருப்பாளாம். இப்பவாவது கேட்டீங்களேன்னா."

அவன் காப்பியை ஒரே மூச்சில் குடித்தான், ஆறிப்போயிருந்தது. கதவுவரை போய் நின்றான். திரும்பி அடுப்புப் பக்கம் பார்த்தான்.

"பிக்கிள்," என்றான், "வீட்டுக்குப் போலாமாடா? நீ வந்தா நல்லாருக்கும்."

நாய் தலையைத் தூக்கியது. அவனைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. அதற்கும் வயதாகிவிட்டது, எழுந்திருக்கவே நேரம் ஆகும். முன்காலை நீட்டிச் சோம்பல் முறித்து, மெதுவாக நடந்து, அவன் திறந்து பிடித்த கதவு வழியாக வெளியே போனது.

கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேட்டுச் சாலை திரும்பும் இடத்தில் நாய் ஒருமுறை நின்று கடையைத் திரும்பிப் பார்த்தது. ஏழு வருடம் என் அடுப்படியில் படுத்திருந்த நாய். கதவைத் திறந்து ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம். அவன் நாய், அவன் வீடு, நமக்கேன் என்று நின்றேன். இரண்டு பேரும் திரும்பி மறைந்தார்கள்.