இன்னும் நாலு புள்ளி

எனக்கு அப்போது ஒன்பது வயது. கண் பார்வையில் ஒரு குறையும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் ஒருவர்கூட அதை நம்பவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுசாக ஆறவில்லை.

மைசூரில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு மீன் தொட்டி இருந்தது. சுதந்திரம் வந்த கையோடு கப்பலேறிய காப்பித் தோட்டத்துத் துரை ஒருவர் விட்டுப்போன சாமான்களில் அது அப்பாவுக்கு வாய்த்தது. கறுப்பு மோலி, வாள்வால், கப்பி என்று பத்துப் பன்னிரண்டு மீன்கள் சண்டை சச்சரவில்லாமல் குடித்தனம் நடத்தின. என் போதாத காலம், குக்கரஹள்ளி ஏரியில் பிடித்த ஒரு பொடி மீனை ஜாம் பாட்டிலில் கொண்டுவந்து, யாருக்கும் தெரியாமல் அதில் விட்டேன். நாலைந்து நாளில் எல்லா மீன் மேலும் ரவையைத் தூவியது போல வெள்ளைப் புள்ளி. அரிப்புத் தாங்காமல் கூழாங்கல்லில் உடம்பை உரசிக்கொண்டன.

பக்கத்து வீட்டுக் கன்னடத்து அம்மாள் எட்டிப் பார்த்து, அம்மை போட்டிருக்கிறது என்று தீர்ப்புச் சொல்லி, தொட்டி ஓரத்தில் வேப்பிலை செருகிவிட்டுப் போனார். சர்ச்சுக்குப் போகிற வேதக்கார வீட்டில் வேப்பிலையா என்று அம்மா பதறினாள். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். மாசக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் தொட்டியை யாருக்காவது கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார். குற்றவாளி நான்தானே!

வழி சொன்னது அத்தை. அப்பாவின் தங்கை, எங்களோடு இருந்துகொண்டு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்த்தவள். சர்ச்சில் பாடுகிற காலேஜ் சார் ஒருவர் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறார், அவரைக் கேட்கலாம் என்றாள். மறுநாள் சாயந்திரமே அவர் சைக்கிளில் வந்து இறங்கினார். கன்னடக்காரர், ஆனால் தமிழ் பேசுவார்.

தொட்டிக்கு மேலே ஒரு பல்பை எரியவிட்டுத் தண்ணீரை வெதுவெதுப்பாக்கினார். அளந்து கல் உப்புப் போட்டார். ஒருநாள் விட்டு ஒருநாள் கால்வாசித் தண்ணீரை மாற்றி, நீல மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார். ஒத்தாசைக்கு அத்தை. அதற்காக டியூட்டியைக் காலைக்கு மாற்றி வாங்கிக்கொண்டாள். மீன்கள் மேல் அவளுக்கு இத்தனை பாசமா என்று நான் உருகிப்போனேன்.

“புட்டி, புள்ளி போச்சுன்னா நோய் போச்சுன்னு இல்ல,” என்றார் சார் என்னிடம். கன்னடத்தில் புட்டி என்றால் குட்டிப் பெண். “பூச்சி கீழ விழுந்து தண்ணிக்குள்ள இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அப்புறமும் பத்து நாள் மருந்து விடணும்.”

எட்டாம் நாள் புள்ளிகள் உதிர்ந்தன. அதற்கு மேல் பத்து நாளும் விரல்விட்டு எண்ணினேன். ஒரு மீன்கூடச் சாகவில்லை. என் ஏரி மீனும் துள்ளிக்கொண்டிருந்தது. சந்தோஷத்தில் கத்தினேன். அத்தை குனிந்து பார்த்து, வாலில் இரண்டு புள்ளி இருக்கிறதே என்றாள். சாரும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, ஆமாம் என்றார். எந்த வாலில்? எந்த இரண்டு? மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிவைத்துத் தேடினேன். ஒன்றும் இல்லை. மாசமோ முடிந்துகொண்டிருந்தது. இவர்கள் இரண்டு பேருமாகச் சேர்ந்து என் தொட்டியைத் தொலைக்கப் போகிறார்கள் என்று அழுகையாக வந்தது.

கடைசி நாள் அப்பா வந்து நின்றார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தொட்டியைப் பார்த்தார். வாலில் இன்னும் இரண்டு புள்ளி என்று முந்தானையைத் திருகிக்கொண்டே சொன்ன அத்தையைப் பார்த்தார். மருந்தைத் தொட்டியில் விடாமல் தரையில் சொட்டிக்கொண்டிருந்த சாரையும் பார்த்தார்.

“ரெண்டா? இன்னும் நாலு புள்ளி இருக்கே,” என்றார். “சார், நீங்க இன்னும் ஒரு மாசமாவது வந்து பாக்கணும்.”

தொட்டி தப்பித்தது. ஆனால் என் மானம் போய்விட்டது. இல்லவே இல்லை என்று நான் காலை உதைத்துக் கத்தியதில், பிள்ளைக்குக் கண்தான் கோளாறு என்று அம்மா முடிவுகட்டினாள். தினம் காரட், தினம் பொன்னாங்கண்ணி. கண் டாக்டரிடமும் கூட்டிப்போனார்கள். அவர் கடைசி வரியின் பொடி எழுத்துவரை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, இவளுக்கா கோளாறு என்று சிரித்தார். திரும்பும்போது குதிரை டாங்காவில் அப்பாவும் வழிநெடுகத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்படியென்றால் கோளாறு அந்த மூன்று பேருக்கும்தான் என்று எனக்குத் தெளிவாகிவிட்டது. கோபத்தை அடக்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைதோறும் சர்ச்சில் முழங்கால் போட்டு அவர்கள் கண்களுக்காக ஜெபம் செய்தேன்.

அப்படி ஒரு ஞாயிறன்றுதான் பாதிரி ஐயர், யாருக்கும் யாருக்கும் கல்யாணம் என்று சபைக்கு அறிவிக்கிற கல்யாண ஓலையை வாசித்தார். அத்தை பேரும் காலேஜ் சார் பேரும் ஒன்றாக வந்தன. எல்லாரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு மட்டும் கண்ணில் நீர் முட்டியது. பாவம், இரண்டு பேருக்கும் பார்வை சரியில்லையே, இவர்கள் எப்படிக் குடித்தனம் நடத்தப் போகிறார்கள்!