வெயிலில் ஏறும் தண்ணீர்

இரண்டு வருஷம் நான் ஒரு வெள்ளைக்காரக் கிழவராக இருந்தேன். திருக்கோகர்ணத்தில், டவுன் பஸ் திரும்பும் முக்கில் எங்கள் வீடு. அதன் மாடி அறையில் நைட்டியும் தோளில் ஒரு துண்டுமாக உட்கார்ந்து, "நாற்பது வருஷமாக இந்த மலை ஆறுகளில் நின்று மீன் பிடிக்கிறேன்" என்று ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். எனக்குத் தூண்டிலை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாது. மீன் ஆயத் தெரியும், குழம்பு வைக்கத் தெரியும், அவ்வளவுதான். கல்யாண வீடுகளில் இதைச் சொல்லி உறவுக்காரர்களை நிறையச் சிரிக்க வைத்திருக்கிறேன். இப்போது சொல்வதில்லை.

ஆங்கிலத்தில் எம்.ஏ. படித்துவிட்டு, இரண்டு பிள்ளைகள் பிறந்த பின் வீட்டோடு கிடந்த எனக்கு, சென்னைக் கம்பெனி ஒன்று வீட்டிலிருந்தே செய்கிற வேலை கொடுத்தது. வெளிநாட்டுக் கடைகளின் இணையதளங்களுக்கு எழுதித் தர வேண்டும். முதலில் மெத்தை, பிறகு நாய்த் தீனி, அதன் பிறகு மீன்பிடி சாமான் விற்கும் ஓர் அமெரிக்கக் கடை. அந்தக் கடையின் தளத்தில் வாரம் ஒரு தடவை ஆற்று நிலவரம் என்று ஒரு பக்கம் வரும். எந்த ஆற்றில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது, தெளிவா கலங்கலா, இறங்கலாமா கூடாதா, எந்த ஈயைக் கட்டினால் மீன் எடுக்கும் என்றெல்லாம் அதில் இருக்கும். ஈ என்றால் நிஜ ஈ இல்லை. தூண்டில் முள்ளில் இறகையும் நூலையும் சுற்றி ஈ மாதிரி செய்திருப்பார்கள். மீன் நம்பிக் கவ்வும். பிடித்த மீனைப் பாதிப் பேர் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடுவார்களாம். "பெறகு எதுக்கு இந்தப் பாடு?" என்று என் கணவர் கேட்டார். அவர் மின்சார அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர். எதற்கும் காரணம் கேட்பார். நான் கேட்க மாட்டேன்.

பக்கத்தின் மேலே ஒரு படம் இருக்கும். வெள்ளைத் தாடி, தொப்பி, சிரிப்பு. பெயரையும் முகத்தையும் கம்பெனியே கொடுத்துவிட்டது. குரல் மட்டும் என்னுடையது.

எழுதுவது பெரிய வித்தை இல்லை. நாலு பக்கங்களைத் திறந்து வைத்துக்கொள்வேன். ஆற்று மட்டத்தை அளந்து போடும் பக்கம் ஒன்று, வானிலை ஒன்று, அந்த ஊர்க்காரர்கள் எழுதுவது இரண்டு. அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் எடுத்து, என் கிழவரின் வாயில் போட்டுவிடுவேன். மலையில் பனி உருகி ஆறு பெருகும் வசந்த மாதங்களில்தான் அந்தப் பக்கத்தை நிறையப் பேர் பார்ப்பார்கள். நான் பார்த்த பனி மார்கழியில் கோலத்தின் மேல் இறங்குகிற பனி. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என் சுரைக்காய் நன்றாகவே விலைபோனது.

அந்தக் கிழவருக்கு ஒருவர் மின்னஞ்சலில் கடிதம் எழுத ஆரம்பித்தார். எழுபதைத் தாண்டியவர். ஏதோ சமவெளி ஊரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்று, மனைவி இறந்த பிறகு மலையடிவாரத்தில் இருந்த மகளின் ஊருக்குக் குடிவந்தவர். அங்கே யாரையும் தெரியாது. பொழுது போக மீன்பிடிக்கக் கற்றுக்கொண்டார். ஆற்றைப் பற்றி அவருக்குத் தெரிந்த முக்கால்வாசி நான் எழுதியதைப் படித்துத் தெரிந்துகொண்டது. அதை அவரே பெருமையாக எழுதியிருந்தார். "நம் வயதுக்காரர்களுக்கு" என்று ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு வாக்கியம் தொடங்கும். எனக்கு அப்போது முப்பத்தாறு.

பதில் எழுதுவதும் என் வேலைதான். நன்றி, வணக்கம் என்று இரண்டு வரியில் முடித்திருக்கலாம். என் வாய்தான் சும்மா இருக்காதே. எனக்கும் முழங்கால் வலி என்று எழுதினேன். என் நாய் செத்துப்போய்விட்டது என்று எழுதினேன். நாய்த் தீனிக்கு எழுதிய காலத்தில் நாய்களைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்து வைத்திருந்தேன். அவர் அந்த இல்லாத நாய்க்காக ஒரு பக்க நீளத்துக்கு ஆறுதல் எழுதினார். தன் நாயை எங்கே புதைத்தார், அதன் மேல் என்ன செடி வைத்தார் என்றெல்லாம் இருந்தது. நான் அதைக் கணவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டி, "கேப்பையில நெய் வடியுதுன்னா கேக்குறவனுக்குப் புத்தி எங்க போச்சு?" என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

போன வருஷம் சித்திரை பிறந்து சில நாட்கள் இருக்கும். அந்த வாரம் நான் பார்த்து எழுதுகிற ஊர்க்காரர்கள் இரண்டு பேருமே புதிதாக ஒன்றும் போடவில்லை. ஆற்று மட்டம் காட்டும் பக்கம் திறக்கவே இல்லை. வானிலை மட்டும் கிடைத்தது. ஐந்து நாளைக்கு மேகமில்லை, மழையில்லை, அந்தப் பருவத்துக்கு மீறிய சூடு. மத்தியானத்துக்குள் அனுப்பியாக வேண்டும். சரி, இந்த ஒரு வாரம் சொந்த மூளையில் எழுதுவோம் என்று உட்கார்ந்தேன்.

நான் நார்த்தாமலைப் பக்கம் ஒரு கம்மாய்க்கரை ஊரில் பிறந்தவள். மழை பெய்தால் தண்ணீர் ஏறும், வெயில் அடித்தால் இறங்கும். இதற்கு ஒரு படிப்பா? நேற்று இடுப்பளவு இருந்த இடத்தில் இன்று முழங்கால் அளவு இருக்கும். தண்ணீர் பின்வாங்கப் பின்வாங்க உள்ளே கிடக்கிற பாறைகள் முதுகு காட்டும். உச்சி வெயிலில் ஊரே உள்ளே இறங்கி நிற்கும். அந்தக் கம்மாயை நினைத்துக்கொண்டே அமெரிக்க ஆற்றை எழுதினேன். "மழை இல்லை, வாரம் முழுக்க வெயில். தண்ணீர் நாளுக்கு நாள் இறங்கும். காலைக் குளிரில் அவசரப்பட வேண்டாம். மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, முதுகில் வெயில் ஏறிய பிறகு இறங்குங்கள். கற்கள் ஒவ்வொன்றாகத் தலை காட்டும்" என்று எழுதினேன்.

இரண்டு வருஷத்தில் யார் எழுதியதையும் பார்க்காமல் நான் எழுதிய ஒரே பத்தி அது. அவரிடமிருந்து உடனே கடிதம் வந்தது. "எப்போதும் காலையில்தானே போகச் சொல்வீர்கள், இந்த முறை பிற்பகல் என்கிறீர்கள். உங்களுக்குத் தெரியாததா! கற்கள் தலை காட்டும் என்ற வரியைப் பல முறை படித்தேன். நீங்கள் கரையில் நின்று எழுதியது போல இருந்தது. வியாழக்கிழமை போகிறேன்" என்று எழுதியிருந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்குப் பிள்ளைகளுக்குக் கேசரி கிண்டிக் கொடுத்தேன்.

அடுத்த கடிதம் பத்து நாள் கழித்து, ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது.

வியாழக்கிழமை சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார். முழங்கால் தண்ணீரில் நடந்து ஆற்றின் நடுவே இருந்த ஒரு கல்திட்டில் ஏறி நின்று தூண்டில் வீசியிருக்கிறார். ஒரு மணி நேரமோ என்னவோ. திரும்பிப் பார்த்தபோது நடந்து வந்த வழியில் கற்களைக் காணோம். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லாததால் தண்ணீர் ஏறுகிறது என்பதையே அவர் முதலில் நம்பவில்லை. நான் இறங்கும் என்றல்லவா எழுதியிருந்தேன்! வந்த வழியே கடக்கப் பார்த்து விழுந்துவிட்டார். ஆற்றில் சாய்ந்து கிடந்த ஒரு மரத்தின் கிளையைப் பிடித்துக்கொண்டு, உருகிய பனித் தண்ணீரில் மார்பு வரை கிடந்திருக்கிறார். கரையில் போன ஒரு பெண் பார்த்து ஆட்களைக் கூப்பிட்டதால் உயிர் மிஞ்சியது. கணுக்கால் எலும்பு முறிந்துவிட்டது. கடைசியில், "பிற்பகல் என்று நான் படித்தது சரிதானே? மகள் கேட்கிறாள். உங்களைக் குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை, நண்பரே" என்று எழுதியிருந்தார்.

அதற்குப் பிறகுதான் காரணத்தைத் தேடிப் படித்தேன். பனி உருகும் ஆற்றில் வெயில்தான் மழை. இரவுக் குளிரில் உருகுவது குறைந்து, காலையில் ஆறு இறங்கித் தெளிந்திருக்கும். பகல் வெயிலில் உச்சிமலையில் உருகுகிற தண்ணீர் கீழே வந்து சேர மத்தியானம் தாண்டிவிடும். வெயில் ஏற ஏற ஆறும் ஏறும், கலங்கும். காலையில் இறங்கி மத்தியானத்துக்குள் கரையேறுங்கள் என்று நானே எத்தனையோ முறை பார்த்து எழுதியிருக்கிறேன். ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

கம்பெனியில் என் மேலதிகாரியான பெண்ணுக்குப் போன் செய்தேன். அவள் பதறவில்லை.

"ரிப்ளை பண்ணாதீங்க மேடம். லீகல் பிரச்சினை ஆயிடும். அந்த வாரத்துப் பாராவை மட்டும் இப்பவே மாத்திடுங்க. மார்னிங்னு போட்ருங்க."

"அவரு மறுபடி பாத்துட்டாருன்னா?"

"பாத்தா என்ன? மார்னிங்னுதானே இருக்கும்."

மாற்றினேன். தண்ணீர் ஏறும், காலையில் இறங்குங்கள், மத்தியானத்துக்குள் கரையேறிவிடுங்கள் என்று ஆக்கினேன். ஐந்து நிமிஷ வேலை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள், எனக்குச் சோறுகூடத் தேவைப்படவில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கற்கள் தலை காட்டும் என்ற வரியை நான் அழிக்கவில்லை. காலை நேரத்துக்கும் பொருந்துகிறதே என்று விட்டுவைத்தேன். உண்மையில் அது எனக்குப் பிடித்த வரி. அழிக்க மனசு வரவில்லை.

மூன்றாம் நாள் அவரே மறுபடி எழுதினார். "என்னை மன்னியுங்கள். மகள் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினாள். காலை என்றுதான் இருக்கிறது. கற்கள் தலை காட்டும் என்ற வரி எனக்கு மனப்பாடம், அது அப்படியே இருக்கிறது. அதற்கு முந்தைய வரிகளைத்தான் என் மூளை தலைகீழாகப் படித்திருக்கிறது. என் அம்மாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. கார் சாவியை மகளிடம் கொடுத்துவிட்டேன். மூளை டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறாள். உங்களைச் சந்தேகப்பட்டதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது."

அவருக்கு வெட்கமாம். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு. நான் ஆசைப்பட்டு விட்டுவைத்த அந்த ஒரு வரிதான் அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லியிருக்கிறது.

கணவரிடம் சொன்னபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றுவிட்டது.

"தெரியாத கம்மாய்ல நாமளே எறங்க மாட்டோம். நீ ஒரு பெரிய மனுசரை எறக்கிவிட்டிருக்கியே."

"வேணும்னா செஞ்சேன்? தெரியாமத்தானங்க எழுதுனேன்."

"எழுதுனது தெரியாம. மாத்துனது?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒங்களுக்கென்ன, ஆபீஸ்ல ஃபேனுக்குக் கீழ உக்காந்துட்டு வாரீங்க" என்று ஆரம்பித்து, அவருடைய அம்மா வீடு வரைக்கும் போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தேன். குழம்புக் கரண்டி தரையில் கிடந்தது. அவர் எழுந்து போனார். கை கழுவிவிட்டு வந்து, "மண்குதிரைய நம்பி ஆத்துல எறங்குன கதையாப் போச்சு அந்த மனுசன் கதை. எழுதிச் சொல்லிரு" என்றார்.

எங்கள் ஊர் அய்யனார் கோயிலில் மண்குதிரைகள் வரிசையாக நிற்கும். அந்தப் பழமொழியை எத்தனையோ பேரைக் கேலி செய்யச் சொல்லியிருக்கிறேன். நம்பியவனைத்தான் முட்டாள் என்று சிரிப்போம். குதிரையை யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

அன்றைக்கே எழுதினேன். "ஐயா, நீங்கள் சரியாகத்தான் படித்தீர்கள். பிற்பகல் என்றுதான் எழுதியிருந்தேன். பிறகு நான்தான் மாற்றினேன். உங்கள் கண்ணிலும் புத்தியிலும் ஒரு குறையும் இல்லை." நான்கு வாக்கியம். அனுப்ப வேண்டியதுதான். ஆனால் அதை அனுப்பினால் தாடியையும் சொல்ல வேண்டும், முழங்காலையும் சொல்ல வேண்டும், நாயையும் சொல்ல வேண்டும். என் கையை முதலில் பிடித்து நிறுத்தியது அந்த நாய்தான். அவ்வளவு ஆறுதல் சொன்னவரிடம் நாயே இல்லை என்று எந்த முகத்தோடு சொல்வது? நாளைக்கு அனுப்பலாம் என்று வைத்தேன். நாளை என்பது ஒரு வாரமாயிற்று, ஒரு மாதமாயிற்று.

வேலையை விட்டுவிட்டேன். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. அவர் கடிதங்களைத் திறந்து பார்க்கப் பயந்துதான் விட்டேன். தாடிக்காரர் இன்னும் அந்தப் பக்கத்தில் சிரித்துக்கொண்டிருக்கிறார், யார் எழுதுகிறார்களோ தெரியாது. நான் விலகுவதற்கு முன் வந்த கடைசிக் கடிதத்தில், பயப்படும்படி ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதாகவும், ஆனாலும் தனக்குத் தன்மேல் நம்பிக்கை போய்விட்டதாகவும் எழுதியிருந்தார். தூண்டில்களை யாருக்கோ கொடுத்துவிட்டாராம். எதைப் படித்தாலும் மகளை ஒரு தடவை படிக்கச் சொல்கிறாராம். "இந்தக் கடிதத்தையும் அவள் சரிபார்த்த பிறகே அனுப்புகிறேன்" என்று முடித்திருந்தார்.

அவருடைய முகவரி என்னிடம் இருக்கிறது. அந்த நான்கு வாக்கியங்களும் அனுப்பாமல் அப்படியே இருக்கின்றன. கணவர் இப்போதெல்லாம் கேட்பதில்லை, கேட்காமல் இருப்பது இன்னும் சுடுகிறது. எங்கேயாவது கொட்டித் தீர்த்தால்தான் ஆகும் என்று இந்த முறை என் சொந்தக் குரலில், நாய் உட்பட எதையும் மறைக்காமல் இதை எழுதினேன். எழுதி முடித்ததும் நெஞ்சில் கொஞ்சம் பாரம்கூடக் குறைந்தது. பிறகுதான் உறைத்தது, அவருக்குத் தமிழ் தெரியாது.