ஐம்பத்தெட்டாம் நம்பர் டோக்கன்

ஆளின் முகத்தை அம்சா கடைசியில்தான் பார்ப்பாள். முதலில் கால். அதற்கும் முன்னால், காலிலிருந்து செருப்பு கழல்கிற விதம்.

காஞ்சிபுரத்தில் ஒரு கோயில் வாசலில் பத்தொன்பது வருஷமாகச் செருப்புக் காக்கிற கடை அவளுடையது. நாலு அடுக்கு மரத் தட்டு, நம்பர் அடித்த தகர டோக்கன் இருநூறு ஜோடி, மழைக்கு ஒரு நீலத் தார்ப்பாய். அவ்வளவுதான் கடை. ஆனால் அந்தத் தார்ப்பாய்க்குக் கீழே உலகமே இருந்தது என்றால் அது பொய்யில்லை. பின்பக்கப் பலகையில் ஓர் உலகப் படம் தொங்கிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடம் ஒன்று கழித்துக் கட்டியதைப் பழைய பேப்பர் கடையில் கண்டு, எடுத்து வந்திருந்தாள். வலது ஓரத்தை எலி கொறித்திருந்தது. அங்கே மட்டும் பழுப்பு டேப்பைப் பட்டையாக ஒட்டியிருந்தாள்.

எந்த நாட்டுச் செருப்பு தன் தட்டில் ஏறுகிறதோ அந்த நாட்டுக்கு ஒரு ஸ்டிக்கர் பொட்டு. இதுவரை நாற்பத்தேழு பொட்டு.

செருப்பைப் பார்த்து நாட்டைச் சொல்கிறாள் என்று ஊரில் பேச்சு. உண்மையில் அவள் பார்ப்பது செருப்பை அல்ல. செருப்பை யார் வேண்டுமானாலும் எந்த ஊரிலும் வாங்கலாம். கழற்றுவதை அப்படி வாங்க முடியாது. ஜப்பான்காரர் கழற்றிய பிறகு குனிந்து, முனை வாசலைப் பார்க்கும்படி திருப்பி வைப்பார். கொரியாக்காரரின் ஷூவில் பின்பக்கம் மிதிபட்டு மடங்கியிருக்கும். ஜெர்மனிக்காரர் உட்கார நாற்காலி தேடுவார், கழற்றிய சாண்டலின் பட்டையை மறுபடி பூட்டிவிட்டுத்தான் தருவார். ஒருமுறை ஒரு ரஷ்யாக்காரரின் பூட்ஸைக் கையில் வாங்கியதுமே, "இவரு பொண்டாட்டியோட சண்டை போட்டுக்கினு வந்திருக்காரு" என்றாளாம். பத்து நிமிஷத்தில் ஒரு வெள்ளைக்காரம்மா தனி ஆட்டோவில் வந்து இறங்கி, தன் செருப்பை அந்த பூட்ஸுக்கு எட்டாத தட்டில் வைக்கச் சொன்னாளாம். ஊரார் சொல்லச் சொல்ல அந்த ஆட்டோ வேனாகி, இப்போது சுற்றுலா பஸ்ஸாக நிற்கிறது.

அம்சாவை உறுத்தியதெல்லாம் பொட்டு விழாத நாடுகள்தான். வட கொரியா, துர்க்மெனிஸ்தான், பேரைக் கூட்டிப் படிப்பதற்குள் வாய் நோகிற வேறு சில. அங்கிருந்து ஏன் ஒருவரும் வருவதில்லை? விட மாட்டார்களா, வழி இல்லையா? வந்தால் எப்படிக் கழற்றுவார்கள்? சாதம் வடிக்கும்போதுகூட இந்தக் கேள்வி வரும்.

இப்படி இருக்கையில்தான் புவனேஸ்வரி வந்தாள். பட்டு நெசவுக் குடும்பத்துப் பெண், இன்ஜினியரிங் படிக்கிறாள். ஆறு நிறமும் குழம்பிக் கிடக்கும் க்யூபைப் பதினாலு செகண்டில் நேராக்கிவிடுவாள். செவிலிமேட்டுக் கல்யாண மண்டபத்தில் அவளும் சிநேகிதர்களும் ஒரு சர்வதேசப் போட்டி நடத்துகிறார்கள். மண்டபத்துக்காரர், செருப்போடு யாரும் உள்ளே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

"ஒரு நாள் வந்து வாசலைப் பாத்துக்கங்கக்கா. எரநூறு பேர் வருவாங்க. வெளிநாட்டுக்காரங்க ஆறு பேர்."

அம்சா நிமிர்ந்தாள். "எந்தெந்த நாடு?"

புவனா போனைப் பார்த்துப் படித்தாள். "ஜப்பான் ஒண்ணு. கொரியா ரெண்டு, அவங்க ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிக்காரங்க வீட்டுப் பசங்க. ஜெர்மனி ஒண்ணு, ரஷ்யா ஒண்ணு. அப்புறம் துவாலு ஒண்ணு."

"இன்னாது?"

"துவாலு. பேரு செலினா. நான் வெப்சைட்ல பாத்த வரைக்கும் அந்த நாட்டுப் பேர்ல இதுக்கு முன்னாடி யாரும் க்யூப் போட்டிக்கு வரலக்கா. இவங்க எவ்ளோ மெதுவா முடிச்சாலும் அதுதான் அந்த நாட்டு ரெக்கார்டு."

"அட! அப்ப நான் அந்த ஊருக்குப் போய்க் குந்திக்கினா நானும் ரெக்கார்டுதானா?"

"முடியாதுக்கா. எங்க குந்தினாலும் பாஸ்போர்ட்டு எந்த நாடோ அந்த நாடுதான். செலினாகூட ரெண்டு வருஷமாச் சென்னையிலதான் படிக்கிறாங்களாம்."

அம்சா படத்தில் விரலை ஓட்டினாள். ஆப்பிரிக்கா முழுக்கத் தேடினாள். துவாலு எங்குமே இல்லை.

இதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவன் லோகேஸ்வரன். வெளிநாட்டுக்காரர்களுக்குக் கோயில் சுற்றிக் காட்டுகிற கைடு, அம்சாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. "அக்கா, எந்த நாடுன்னு நாங்க கைடுங்க பேசிக்கிறதைக் காதுல வாங்கிக்கினு, செருப்பைப் பாத்துச் சொல்றாப்ல ஊரை ஏமாத்தற நீ. இப்ப நான் இல்லாம சொல்லு பாப்போம்."

அது அம்சாவுக்குச் சுருக்கென்று தைத்தது. "ஆறு பேரையும் சொல்றேன்டா. அவங்க வாயைத் தொறக்கறதுக்கு முன்னாடி டோக்கன் நம்பர் போட்டு ஒரு சீட்டுல நாட்டுப் பேரை எழுதி வெக்கிறேன். சாயந்தரம் நீயே வந்து சரி பாரு. ஒண்ணு தப்பினாலும் இந்த மேப்பை என் கையாலயே கிழிச்சுடறேன், போ."

பத்தொன்பது வருஷப் படம். சொன்ன பிறகுதான் அவள் அதைத் திரும்பிப் பார்த்தாள்.

போட்டி நாளன்று தட்டையும் டோக்கனையும் ஏற்றிக்கொண்டு, படத்தைச் சுருட்டி எடுத்துப்போய் மண்டப வாசலில் தன் மேஜைக்குப் பின்னால் மாட்டினாள். எட்டு மணிக்கே கூட்டம். கையில் க்யூபைத் திருகிக்கொண்டே படியேறியதுகளில் பாதி, செருப்பு என்று ஒன்று காலில் இருப்பதையே மறந்திருந்தன. ஷேர் ஆட்டோவில் சென்னைக் காலேஜ் பெண்கள் ஆறேழு பேர் சிரித்துக்கொண்டு வந்து இறங்கினார்கள். அவர்களில் சுருட்டை முடிக்காரி ஒருத்தி, சுடிதாரில், தலை நிறைய முல்லையோடு, நடந்தபடியே ரப்பர் செருப்பை உதறிவிட்டுப் போனாள். ஒன்று இங்கே விழுந்தது, இன்னொன்று இரண்டு சாண் தள்ளி விழுந்தது.

"டோக்கனை வாங்கிக்கினு போம்மா! பூ வாசம் இங்க வரைக்கும் வருது" என்று ஐம்பத்தெட்டைக் கையில் திணித்தாள் அம்சா.

"தேங்க்ஸ்க்கா" என்று அவள் ஓடினாள்.

பத்து மணிக்குள் ஐந்து சீட்டு எழுதியாயிற்று. முனை திருப்பிய ஷூ ஜப்பான். பின்பக்கம் மிதித்த இரண்டும் கொரியா. பூட்டிய பட்டை ஜெர்மனி. ரஷ்யாக்காரப் பையன் காலுறையை உருட்டி ஷூவுக்குள் திணித்ததில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. ஆனால் ஆறாவது வரவில்லை. பதினொன்று ஆயிற்று. வெளியூர் ஆளாக இன்னொருத்தர் படியேறவே இல்லை. தட்டுகளை மூன்று தரம் அலசினாள். மற்றதெல்லாம் நம்மூர்ச் செருப்பு. ஒருவேளை துவாலுக்காரர்கள் செருப்பே போட மாட்டார்களோ? வெறுங்காலோடு தன்னைத் தாண்டிப் போய்விட்டார்களோ?

மதியத்துக்கு மேல் அவளால் பொறுக்க முடியவில்லை. பக்கத்துக் காவலாளியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சுவரோரம் நின்றாள். கல்யாணத்தில் மேளம் கொட்டுகிற மண்டபத்தில் இப்போது க்யூப் திருகுகிற சத்தம் மட்டும், நூறு பேர் வறுகடலை கொறிப்பதுபோல. ஒவ்வொரு மேஜையிலும் சிவப்பு எண் ஓடுகிற கடிகாரம். பத்து செகண்ட், பன்னிரண்டு செகண்ட் என்று முடித்துவிட்டு எழுந்துபோகிறார்கள். ஒரு மேஜையில் மட்டும் ஒருத்தி நிதானமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பது செகண்ட், அறுபது. கடைசியில் க்யூபை வைத்துக் கடிகாரத்தைத் தட்டினாள்.

மைக்கில் புவனாவின் குரல் வந்தது. "ஒரு நிமிஷம் ஒன்பது செகண்ட்! துவாலு நாட்டோட தேசிய சாதனை, செலினா!"

கைதட்டலில் மண்டபம் அதிர்ந்தது. எழுந்து நின்று இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டவளின் தலையில் முல்லைப் பூ.

அம்சா வாசலுக்கு வந்து உட்கார்ந்தாள். தட்டில் ஐம்பத்தெட்டாம் நம்பர் இடத்தில் அந்த ரப்பர் செருப்பு ஒன்றும் தெரியாததுபோலக் கிடந்தது. லோகு வர இன்னும் அரை மணி இருந்தது. யாரும் பார்க்கவில்லை. சீட்டை எடுத்தாள், பேனாவைத் திறந்து 'துவா' வரைக்கும் எழுதினாள். படம் பிழைத்துவிடும்.

அப்போதுதான் கேள்வி குடைந்தது. செருப்பு சென்னையில் வாங்கியதாக இருக்கட்டும், ஆனால் கழற்றினது? நடந்துகொண்டே, நிற்காமல், குனியாமல், ஒன்றை இங்கேயும் ஒன்றை அங்கேயுமாக உதறுவதை யாரும் இரண்டு வருஷத்தில் கற்றுக்கொள்வதில்லை. அது குழந்தையிலிருந்து வரவேண்டும். துவாலுக்காரிக்கு அது எங்கிருந்து வந்தது? கேட்டே ஆகவேண்டும். ஆனால் கேட்டால், உன்னை உள்ளூர்ப் பெண் என்று நினைத்தேன் என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும்.

'துவா'வின் மேல் கோடு போட்டு அடித்தாள்.

லோகு வந்து ஐந்து சீட்டையும் சரிபார்த்தான். முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. "அஞ்சும் கரெக்ட்டுக்கா. ஆறாவது எங்க?"

"தப்ப விட்டுட்டேன்டா."

அவன் குதிப்பதற்குள் செலினா டோக்கனோடு வந்து நின்றாள். கழுத்தில் ஒரு சின்னப் பதக்கம், பக்கத்தில் புவனா. அம்சா செருப்பைக் கொடுக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏம்மா, நீ இதைக் கழட்டினதைப் பாத்து வாலாஜாபாத் பொண்ணுன்னு நெனச்சேன். யாரு சொல்லிக் குடுத்தாங்க இப்படிக் கழட்ட?"

செலினா இரண்டு வருஷத் தமிழில் சிரித்தாள். "யாரும் இல்லக்கா. எங்க ஊர்லயும் வீட்டுக்குள்ள செருப்பு கிடையாது. ஊர்க் கூட்டம்னா ஹால் வாசல்ல எல்லாரோட செருப்பும். மலை மாதிரி."

"மாறிப் போயிடாதா?"

"போகும். எங்க அப்பா எப்பவும் வேற யாரோ செருப்புலதான் வீட்டுக்கு வருவார்."

"ஐயய்யோ, டோக்கன் குடுக்க ஆள் இல்லையா! மொத்தம் எவ்ளோ பேர் இருப்பீங்க?"

"நாடு முழுக்கப் பத்தாயிரம் இருக்கும்க்கா."

"கருட சேவைக்கு எங்க ஊர்ல ஒரு தெருவுல நிக்கிற கூட்டம்டா, லோகு!" என்று அம்சா வியந்தாள். பிறகு செருப்பைச் செலினாவின் காலடியில் வைத்துவிட்டு எழுந்து, படத்தைச் சுவரிலிருந்து இறக்கினாள்.

லோகுவுக்கு இப்போது மனசு வரவில்லை. "விடுக்கா. சும்மா வம்புக்குச் சொன்னது."

"நீ வம்புக்குச் சொன்ன. நான் நெசமாத்தான் சொன்னேன்." அவள் படத்தை மேஜைமேல் விரித்து, எங்கே கிழிப்பது என்று விரலால் தடவினாள். ஆப்பிரிக்காவில் பொட்டு, ஐரோப்பாவில் நெருக்கமாகப் பொட்டு. அமெரிக்காவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நடுவில் அகலமாக ஒரு நீலக் கடல் கிடந்தது, பொட்டே இல்லாமல். பல்லைக் கடித்துக்கொண்டு மேலிருந்து கீழாக அதன் வழியே கிழித்தாள். சத்தம் கேட்டு க்யூப் திருகிக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

இரண்டு துண்டையும் கையில் வைத்துக்கொண்டு அம்சா நின்றாள். அடுத்து என்ன செய்வது என்று அவள் யோசித்திருக்கவில்லை.

"அக்கா, எங்க ஊர் இதுல எங்க?" என்று செலினா குனிந்து தேடினாள். பெரிய துண்டின் வலது ஓரத்தில் பழுப்பு டேப்புக்கு வந்ததும் அவள் விரல் நின்றது. "இங்க இருக்கணும்."

"அதை எலி தின்னுடுச்சும்மா" என்றாள் அம்சா, மிகுந்த சங்கடத்தோடு.

செலினா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அம்சா கையிலிருந்து அமெரிக்கத் துண்டை வாங்கி, இடது பக்கம் இருந்ததை வலது பக்கம் கொண்டுபோய், டேப் ஒட்டிய ஓரத்தோடு சேர்த்து வைத்தாள். "எங்க ஸ்கூல்ல மேப் இப்படித்தான் இருக்கும். நாங்க நடுவுல."

இரண்டு கடலும் ஒட்டி ஒரே பெருங்கடலாயிற்று. அம்சா கைப்பையைத் துழாவினாள். பொட்டு அட்டை தீர்ந்திருந்தது. தன் நெற்றியிலிருந்ததை எடுத்து, செலினா விரல் வைத்த இடத்தில் டேப்பின் மேலேயே அழுத்தி ஒட்டினாள்.

"இது செல்லாதுக்கா, கிழிச்சதை மறுபடி சேத்து ஒட்டறியே!" என்றான் லோகு.

"கிழிக்கணும்னுதானே பேச்சு? ஒட்டக்கூடாதுன்னு யாராவது சொன்னாங்களா? போய் நல்ல டேப்பா ஒண்ணு வாங்கினு வா."

செலினா குனிந்து பார்க்காமலே செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

கோயில் வாசலில் இப்போது தொங்குவது அந்த ஒட்டுப்போட்ட படம்தான். அது தப்பு என்று சொல்கிற வெளிநாட்டுக்காரர்களுக்கு லோகுதான் விளக்கம் சொல்கிறான். அவன் சொல்லும்போது எலி பெருச்சாளியாகிவிடுகிறது. அம்சா மட்டும் ஒரு வழக்கத்தை மாற்றிக்கொண்டாள். நடந்துகொண்டே யாராவது ரப்பர் செருப்பை உதறினால், நிமிர்ந்து முகத்தைப் பார்த்து, "எந்த ஊரும்மா?" என்று கேட்கிறாள். தென்னேரி, ஓரிக்கை என்றுதான் பதில் வருகிறது. அதற்காகக் கேட்பதை அவள் விடவில்லை.