ஒரு சைஸ் பெரிய பூட்ஸ்

ஈர சாக்ஸ் வாடை...

யார் யாரோ போட்டுக் கழட்டின வாடகை பூட்ஸுக்குள்ள காலை விட்டதும் குப்புன்னு அடிக்கும். வெளிய மண்டையப் பொளக்குற துபாய் வெயில். மாலுக்குள்ள செயற்கைப் பனி. எட்டாவது படிக்கும்போது, பலகை மேல நின்னு பனியில சறுக்குற ஸ்நோபோர்டு பைத்தியம் எனக்குப் புடிச்சது அங்கதான்.

அங்க சொல்லிக் குடுக்குற கோச் ஒருநாள் கூப்பிட்டார். "ஜூனியர் டீம் செலக்‌ஷனுக்கு வா. கோச்சிங் ஃப்ரீ. போர்டும் பூட்ஸும் மட்டும் சொந்தமா வேணும்."

எங்கப்பாவுக்கு ஜெபல் அலி துறைமுகத்துல வேர்ஹவுஸ் வேலை. வர்ற சரக்கு டேமேஜா இருக்கான்னு செக் பண்றது. நாள் பூரா அட்டைப்பெட்டிகளை சந்தேகப்பட்டுட்டு, வீட்டுக்கு வந்தா பால் டப்பாவையும் திருப்பித் திருப்பிப் பாப்பார். பக்கா திருநெல்வேலி ஆளு.

புதுசு வாங்குற வசதியெல்லாம் ஏது... துபாயை விட்டே கிளம்புற ஒரு லெபனான்காரர் ஆன்லைன்ல விளம்பரம் போட்டிருந்தார். போர்டு, கூட ஒரு ஜோடி பூட்ஸ்.

"இவ்ளோ கம்மியா ஏன் குடுக்கான்? திருட்டுச் சாமானா இருக்குமோ?" வழி பூரா அப்பாவுக்கு இதே பேச்சு.

அவர் வீட்ல அப்பா போர்டைத் தட்டிப் பாத்தார். மோந்து பாத்தார். விரிசலை மறைக்கத்தான் ஸ்டிக்கர்னு நகத்தால சுரண்டினார். ஒண்ணும் இல்ல. அது இன்னும் சந்தேகமாப் போச்சு அவருக்கு!

லெபனான்காரர் பொண்ணுங்களோட பூட்ஸ் ரெண்டு ஜோடி இருந்துச்சு. எதை எடுத்தாலும் ஒரே விலை. சின்னது எனக்குக் கச்சிதம், விரல் நுனி லேசா முட்டுச்சு. "டைட்டாதான் இருக்கணும், இதையே எடுங்க"ன்னு அந்த மனுஷன் இங்கிலீஷ்ல அடிச்சுச் சொன்னார்.

அப்பா என் காதுல, "பாத்தியாட்டி... சின்னத நம்ம தலையில கட்டப் பாக்கான்."

"அப்பா, இதுதான் சரியா இருக்கு."

"அடுத்த வருஷம் இத யாரு போடுவா? உங்கம்மையா?"

பெருசைத்தான் வாங்கினோம். வளர்ற புள்ளைக்கு ஸ்கூல் ஷூ எடுக்குற கணக்கு.

செலக்‌ஷன் அன்னைக்கு மூணு ஜோடி சாக்ஸ் போட்டேன். முதல் திருப்பத்துலயே பூட்ஸுக்குள்ள குதிகால் தூக்கிருச்சு. நான் ஒரு பக்கம் சாய, போர்டு வேற பக்கம் போக, மூஞ்சி பனிக்குள்ள. கோச் பூட்ஸை அமுக்கிப் பாத்துட்டு, "அடுத்த வருஷம் பாக்கலாம்"னுட்டார். கார்ல அழுதுட்டே வந்தேன்.

அப்பா ரொம்ப நேரம் யோசிச்சு சொன்னார்: "அவன் எமகாதகன்ட்டி. நாம நம்ப மாட்டோம்னு தெரிஞ்சேதான் உண்மையச் சொல்லியிருக்கான்."

அடுத்த வருஷம் பூட்ஸ் அவ்ளோ அழகாப் பொருந்துச்சு. ஆனா செலக்‌ஷனுக்கு முன்னாடியே அப்பாவுக்கு வேலை போயிருச்சு. விசா கேன்சல். கலாஸ். இப்ப விளம்பரம் போடுற முறை எங்களுக்கு.

ஒரு மதுரைக்கார அங்கிள், சின்னப் பொண்ணோட வந்தார். அவ காலை உள்ள விட்டதும் எனக்கு பகீர்னு இருந்துச்சு. "அங்கிள், பாப்பாவுக்கு இது பெருசு. சறுக்கும்போது குதிகால் தூக்கிரும். வேண்டாம்."

அவர் என்னை ஒரு மாதிரி பாத்துட்டு அப்பாகிட்ட, "என்ன சார், வேற யாரும் கூட விலைக்குக் கேக்குறாங்களா?"

அப்பாவும் என்னைப் பாத்தார். நான் எதையோ மறைக்கிறேனோன்னு தேடுற அதே பார்வை. அப்புறம் மெதுவா, "இல்ல சார்... எம்புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்."

யாரையும் நம்பாத மனுஷன்.

அங்கிள் நம்பல. "வளர்ற புள்ளதானே"ன்னு வாங்கிட்டே போயிட்டார்.

இப்ப நானே துபாய்ல வேலை பாக்குறேன். போன வாரம் என் சம்பளத்துல புது பூட்ஸ். கடைக்காரப் பையன் "கொஞ்சம் லூஸா எடுங்க மேடம், வசதியா இருக்கும்"னான். ஆஹா, தலையில கட்டப் பாக்கான்னு உடனே தோணுச்சு... ரத்தம் அப்படி!

ஊர்ல இருக்குற அப்பாவுக்கு வீடியோ கால்ல காட்டினேன்.

"விரல் முட்டுதாட்டி?"

"முட்டுதுப்பா."

"அப்ப சரி. எதுக்கும் ரெண்டும் ஒரே சைஸான்னு பாத்துக்கோ."

பாத்துட்டேன். ரெண்டும் ஒரே சைஸ்தான், அவ்ளோ கச்சிதம்.

ஜூனியர் டீமுக்குத்தான் வயசு தாண்டிப் போச்சு...