ராயம்மாளின் கட்டைவிரல்

கட்டைவிரலை முந்தானையில் இரண்டு முறை அழுத்தித் துடைக்கிறார். மூன்றாவது முறை நுனிநாக்கில் தொட்டுக்கொண்டு, காட்சிக்கு வைத்திருக்கும் போனின் கண்ணாடிமேல் வைத்து மேல்நோக்கி இழுக்கிறார். திரை அசையவில்லை. மறுபடியும் இழுக்கிறார். "பாத்தியா கண்ணு? இவனுக்கும் என்னத் தெரியல" என்று என்னிடம் சொல்லிவிட்டு அடுத்த போனுக்கு நகர்கிறார்.

ஞாயிறு பூசை முடிந்த கையோடு பாப்பிரெட்டிப்பட்டியில் பஸ் ஏறி அரூரில் இறங்கி, பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் செல்போன் கடைக்கு வருவது ராயம்மாளுக்கு வழக்கமாகிவிட்டது. இது நான்காவது ஞாயிறு. தன் விரலை அடையாளம் கண்டுகொள்ளும் ஒரு போனை அவர் தேடிக்கொண்டிருக்கிறார். இந்த முறை என்னையும் கூட்டி வந்திருந்தார். "நீ டிகிரி படிச்ச புள்ள. அவனுங்க இங்கிலீசுல சொல்றதெல்லாம் நெசமா பொய்யான்னு நீதான் சொல்லணும்."

ராயம்மாள் எங்கள் தெருக்காரர். இருபத்தெட்டு வருடமாகப் புளிக் கிடங்கில் வேலை. ஓடு நீக்கி, நார் உரித்து, இரும்புக் கம்பியால் தட்டிக் கொட்டை எடுக்கும் வேலை. புளியின் சாறு தோலை அரிக்கும். அரித்த இடம் காய்ந்து தடிக்கும், தடித்த இடம் வெடிக்கும், வெடிப்பில் மறுபடி புளி இறங்கும். அவருடைய வலது கட்டைவிரலில் ரேகை என்று ஒன்றும் இல்லை. பழைய செருப்பின் குதிகால்போல வழவழவென்று தேய்ந்து, ஓரங்களில் கறுத்துப் பிளந்திருக்கிறது.

இப்போது கையில் இருக்கும் போன் அவருடைய மகள் ஏஞ்சலின் வாங்கித் தந்தது. ஏஞ்சலின் ஓசூர்ப் பக்கம் போன் தயாரிக்கும் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். முதல் மூன்று மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, தன் கம்பெனியில் செய்யும் போனையே அம்மாவுக்கு வாங்கினாள். வேலையிடத்துக்குள் அவளுடைய போனைக் கொண்டுபோக விடமாட்டார்கள். மதியம் ஒன்று இருபதுக்கு, வாசலில் பூட்டி வைத்த பெட்டியிலிருந்து எடுத்து, சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் வீடியோவில் அம்மாவைக் கூப்பிடுவாள். அப்போது எடுக்காவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். அடுத்த நாள்தான்.

பட்டன் போன் வைத்துக்கொள்ளலாமே என்று நான் கேட்டேன்.

"கேட்ட பாரு கேள்வி! சாப்டியாடின்னா சாப்டேம்மான்னுதான் சொல்லும். பொய்யி கொரல்ல தெரியாது கண்ணு. மூஞ்சியிலதான் தெரியும்."

அந்தக் கடையில் விற்பவர்கள் கடைக்காரரின் ஆட்கள் அல்லர். ஒவ்வொரு போன் கம்பெனியும் தன் நிறத்தில் பனியன் மாட்டி, தன் ஆளைத் தானே நிறுத்தியிருக்கிறது. ஒரே கூரைக்குக் கீழே நின்று ஒருவருடைய வாடிக்கையாளரை மற்றவர் இழுப்பார். ஊதா பனியன் அருள்குமார். கறுப்பு பனியன் கோகிலவாணி. ஏஞ்சலினின் கம்பெனி கறுப்பு.

"வாங்க ஆயா, இந்த வாரமாச்சும் ஒண்ணு எடுத்துருவீங்களா?" என்றார் அருள்குமார்.

"யார்ரா ஆயா? எனக்கு நாப்பத்தேழுதான் ஆவுது. உங்க அம்மாவுக்கு என்ன வயசு?"

"அம்பதுங்க."

"அப்ப மொதல்ல அவங்கள ஆயான்னு கூப்புட்டுட்டு வா."

கோகிலவாணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அருள்குமார் விடவில்லை. "இதப் பாருங்க, நூத்தெட்டு மெகாபிக்சல். நெலாவையே கிட்டக்க புடிக்கலாம்."

"நெலா எங்க ஓடிப் போவுது? போனு வந்தா எடுக்க முடியுமா, அதச் சொல்லு."

"எங்களுது ரெண்டு நாளு சார்ஜ் நிக்கும்க்கா. கீழ விழுந்தாலும் ஒடயாது" என்றார் கோகிலவாணி.

"நிக்கும், நிக்கும். ரெண்டு நாளும் எம் பேச்சக் கேக்காம மொறச்சிக்கிட்டு நிக்கும். முண்டம்."

"உங்களுது சார்ஜ் ஏற ரெண்டு மணி நேரம் ஆவுது, எங்களுது அர மணி நேரம்" என்று அருள்குமார் கோகிலவாணியைப் பார்த்துச் சொல்ல, "ஏறும்போது அதுமேல தோசை சுடலாம்" என்று அவர் திருப்பிச் சொல்ல, இருவரும் எங்களை மறந்து சிப், திரை, கேமரா என்று மோதிக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்த பேச்சு. நானும் ஊதாவின் பக்கம் ஒரு வார்த்தை சொன்னேன். ராயம்மாள் என்னைப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டேன்.

பிறகு அவர் சுருக்குப் பையை அவிழ்த்து நெல்லிக்காய் அளவு புளி எடுத்தார். கட்டைவிரலில் தேய்த்து ஊதா போனின்மேல் வைத்தார்.

"ஐயோ, டெமோ பீசுங்க! புளியெல்லாம் வெக்காதீங்க!"

"ஏன்டா, மாடு வாங்கறவன் பல்லப் புடிச்சுப் பாக்கறதில்ல? ஏர்ல பூட்டி ஓட்டிப் பாக்கறதில்ல? புளி தட்டறவ புளிக் கையிலதான் தொட்டுப் பாப்பா."

காய்ந்த விரலுக்கு அசையாத திரை புளி விரலுக்குத் தாறுமாறாக ஓடியது. கேமரா திறந்தது, மூடியது, ஏதோ ஒரு பாட்டு அலறியது. அருள்குமார் அதைப் பிடுங்கித் துணியால் துடைத்தபடி, "போன்ல தப்பு இல்லீங்க. உங்க விரலுதான் சரியில்ல" என்றார்.

கடை முழுவதும் திரும்பிப் பார்க்கும்படி ராயம்மாளின் குரல் எழுந்தது.

"என் விரலு சரியில்லயா? நீ பொறந்த நாள்லருந்து குடிச்ச ரசத்துக்குக் கொட்ட எடுத்த விரலுடா இது! சரியில்லாத விரலாலதான் ஒரு பொண்ண ஆளாக்கி வெச்சிருக்கறேன். என்ன இதுக்குத் தெரியலன்னா அது இதோட குத்தம். இந்தத் தாலுக்காவுல எம் மாதிரி கை எத்தன இருக்குதுன்னு உங்க கம்பெனிக்காரன் வந்து பாத்தானா? நெலாவப் புடிக்கறானாம், நெலாவ!"

அருள்குமார் இறங்கி வந்தார். "கோவப்படாதீங்க. இப்ப எது வெச்சிருக்கறீங்க?" பையிலிருந்து எட்டிப் பார்த்த போனைக் கண்டதும் அவர் முகம் தெளிந்தது. "அட, கறுப்பா? அதாங்க விஷயம். அவங்க டச்சே வேஸ்ட்டு."

கோகிலவாணி வாய் திறப்பதற்குள் ராயம்மாள் முந்திக்கொண்டார். "யார்ரா வேஸ்ட்டு? எம் பொண்ணு கைபட்டு வர்ற போன்டா அது! நாளெல்லாம் நின்னுக்கிட்டே பண்றா. வேஸ்ட்டாமில்ல!" கோகிலவாணியையும் விடவில்லை. "நீ என்னாத்துக்கு இந்தப் பனியனப் போட்டுக்கிட்டு நிக்கற? உங் கம்பெனியச் சொல்றான், பாத்துக்கிட்டு இருக்கற!"

கால் மணி நேரத்துக்கு முன் அதே போனைத்தான் முண்டம் என்றார். அவர் சொல்லலாம். இன்னொருவர் சொல்லக்கூடாது.

திரும்பும்போது பஸ்ஸில் அவர் அந்தக் கறுப்பு போனை முந்தானையால் துடைத்துக்கொண்டே வந்தார். தொடுதிரை எப்படி வேலை செய்கிறது என்று மூன்றாம் ஆண்டு இயற்பியல் தேர்வில் படம் போட்டு எழுதியவன் நான். பத்துக்கு ஒன்பது மதிப்பெண். அந்த விடையில் விரல் என்பது மின்னூட்டம் ஏற்கும் ஒரு பரப்பு. அது யாருடைய விரல் என்று கேள்வியில் இல்லை, நானும் கேட்கவில்லை. டீக்கடையில் நண்பர்களோடு எந்தப் போன் சிறந்தது என்று தொண்டை வறள வாதாடியிருக்கிறேன். அங்கேயும் இந்தக் கேள்வி வந்ததில்லை. என் அம்மாவும் அதே கிடங்கில்தான் புளி தட்டுகிறார். அவருக்கு நான் வாங்கிக் கொடுத்த போன் நான்கு வருடமாகப் பீரோவில் கிடக்கிறது. "அம்மாவுக்குப் பழகத் தெரியல" என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் சாக்கில் கிடங்குக்குப் போனேன். பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ராயம்மாள் ஒரு கோணிப்பை மேல் போனைச் சாய்த்து வைத்திருந்தார். ஒன்று இருபதுக்கு அது அதிர்ந்து, ஏஞ்சலினின் படம் எழுந்தது.

துடைத்தார், இழுத்தார். அசையவில்லை. நாக்கில் தொட்டு இழுத்தார். பச்சை வட்டம் பாதி ஏறி மறுபடி கீழே விழுந்தது. மணி ஒலித்துக்கொண்டே இருந்தது. சனிக்கிழமை இப்படித்தான் நின்றுபோயிருக்கிறது. சட்டென்று இரு கைகளையும் தரையில் ஊன்றிக் குனிந்து, மூக்கின் நுனியைக் கண்ணாடியில் வைத்து மேலே இழுத்தார்.

"பார்ரீ, போனுக்கு முத்தம் குடுக்கறா" என்றார் பக்கத்தில் இருந்த காசியம்மாள்.

திரையில் ஏஞ்சலின் வந்தாள். "அம்மா, உன் நெத்தி மட்டுந்தான் தெரியுது. தள்ளி ஒக்காரு."

ராயம்மாள் நிமிர்ந்தார். மகளின் முகத்தைக் கண்ணுக்குக் கண், கன்னத்துக்குக் கன்னம் பார்த்தார். "சாப்டியா?"

"சாப்ட்டேன். சனிக்கெழம ரெண்டு வாட்டி அடிச்சேன், ஏம்மா எடுக்கல?"

"போன வூட்ல வெச்சிட்டு வந்துட்டேன் கண்ணு."

"டச்சு ஏதாச்சும் மக்கர் பண்ணுதா? நான் இருக்கறதே அந்த லைன்லதாம்மா. ஒவ்வொரு கண்ணாடியையும் வெரல் வெச்சுப் பாத்துத்தான் அனுப்பறோம். பண்ணுதுன்னா சொல்லு."

காசியம்மாள் கம்பியைக் கீழே வைத்துவிட்டு ராயம்மாளைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"போனுக்கென்ன? நல்லாத்தான் இருக்குது. சொன்ன பேச்சக் கேக்குது."

சொல்லிக்கொண்டே வலது கட்டைவிரலை மடித்து உள்ளங்கைக்குள் வைத்து மூடினார். முகம் திரையைவிட்டு விலகவில்லை. மூடிய கையை மட்டும் மெல்ல நகர்த்தி, பக்கத்தில் இருந்த புளிக் குவியலுக்குள் நுழைத்துக்கொண்டார்.