பெருவிரல் பட்ட பல்ப்

கார் முன்விளக்கு பல்ப் வருகிற சின்னப் பெட்டியை நீங்கள் என்றாவது வாசித்துப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. போன வெள்ளிக்கிழமைதான் முதல் தடவை. ஜும்ஆ முடிந்து வந்து, சோறும் தின்று, முற்றத்து வேம்பு நிழலில் காரை நிறுத்திப் பொனட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு வாசித்தேன். ஒரு படம்தான். ஐந்து விரலோடு ஒரு கை, பக்கத்தில் ஒரு பல்ப், இரண்டுக்கும் குறுக்கே ஒரு கோடு. அதற்குக் கீழே எறும்பளவு ஆங்கில எழுத்தில் காரணமும் போட்டிருந்தது. கண்ணாடியை விரலால் தொட்டால் விரலின் எண்ணெய்ப் பசை அதில் ஒட்டிக்கொள்ளுமாம். எரிகிற சூட்டில் அந்த இடம் மட்டும் வெந்து, பல்ப் சீக்கிரமே போய்விடுமாம்.

வாசித்து முடித்ததும் எனக்குக் கை ஓடவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு மறுபடியும் வாசித்தேன். படம் மாறவில்லை.

அடுத்த மாதம் நானும் மனைவியும் ஹஜ்ஜுக்குப் போகிறோம். அதற்குள் சாமான், காகிதம் என்று அங்குமிங்கும் ஓட வேண்டும். "ஒத்தக் கண்ணோட காரக் கொண்டு திரியாதீங்க, முதல்ல அந்த லைட்டப் போடுங்க" என்று அவள் ஒரு கிழமையாக நச்சரித்ததால்தான் இந்த வேலையில் இறங்கினேன். குசினி ஜன்னலால் எட்டிப் பார்த்து, "என்ன, ஆணி கீணி விழுந்திட்டா?" என்று கேட்டாள். இல்லை என்று தலையை ஆட்டினேன். விளக்கின் பின்பக்கத்து ரப்பர் மூடி கையில் இருந்தது. அந்த ரப்பர் மணம் என்னை நேரே ஹனீபா காக்காவின் கடைக்குள் கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

கல்முனை மெயின் வீதியில் அப்போது அவருக்கு ஒரு ஸ்பெயார் பார்ட்ஸ் கடை இருந்தது. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் மூன்றாமவர் வீதியில்தான் நிற்க வேண்டும். மேலே முகட்டிலிருந்து ஃபேன் பெல்ட்டுகள் தொங்கும். ரப்பரும் கிறீஸும் மணக்கும், அதற்குள்ளே அவர் பூசுகிற அத்தரும் மணக்கும். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது, அவருக்கு ஐம்பதுக்குக் கிட்ட. ஆனாலும் என்னைத் தம்பி என்று கூப்பிடமாட்டார், 'சேர்'தான். நாவிதன்வெளிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வெப்பம், விரிவு, கண்ணாடி ஏன் வெடிக்கிறது என்றெல்லாம் கரும்பலகையில் படம் கீறி விளக்குகிற ஆள். இதை இங்கே சொல்லிவைப்பது நல்லது, பின்னால் என்னைப் பார்த்துச் சிரிக்க உங்களுக்கு உதவும்.

அந்த நாள் என் காரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வயதில் அது எனக்குத் தம்பி, குணத்தில் வாப்பா. காலையில் எழும்பாது, எழும்பினால் இருமும். அதன் வலது முன்விளக்கு ஒரு நோன்பு மாதத்தில் போய்விட்டது. ஹனீபா காக்காவிடம் பல்ப் வாங்கப் போனேன். பெட்டியை நீட்டியவர், "காரக் கொண்டு வாங்க சேர், நான் மாட்டித் தாறன்" என்றார்.

"பல்ப்தானே காக்கா, இதுக்குமா ஆள் வேணும்? நான் சயன்ஸ் வாத்தி" என்றேன். அவர் சிரித்தார்.

அன்று நோன்பு திறந்த கையோடு வேலையைத் தொடங்கினேன். 'கையோடு' என்று சும்மா சொல்லவில்லை. மனைவி சுடுகிற பற்றீஸ் ஊரிலேயே பேர் போனது. மீனும் உருளைக்கிழங்கும் மிளகுத்தூளும் வைத்து, எண்ணெய் சொட்டச் சொட்டத் தட்டில் வந்து விழும். நோன்புக் கஞ்சியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, ஒரு பற்றீஸை வாயில் கவ்விக்கொண்டு முற்றத்துக்கு வந்தேன். ரப்பர் மூடியைக் கழற்றி, கம்பிக் கிளிப்பைத் தள்ளி, பழைய பல்ப்பை எடுத்தேன். புதியதைப் பெட்டியிலிருந்து உருவியபோது கண்ணாடியில் ஏதோ தூசி தெரிந்தது. பெருவிரலால் நன்றாகத் தேய்த்தேன். மினுங்கியது. இன்னும் கொஞ்சம் தேய்த்தேன். இப்போது நினைத்தால், அது மினுங்காமல் வேறு என்ன செய்யும்? விரல் முழுக்கப் பற்றீஸ் எண்ணெய் அல்லவா. மஃரிப் தொழுகை தொடங்குகிற நேரம், அவசரமாக மாட்டி மூடிவிட்டுப் பள்ளிவாசலுக்கு ஓடினேன்.

எட்டாம் நாள் மனைவியின் சாச்சி வீட்டில் நோன்பு திறந்துவிட்டு, நாவிதன்வெளியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். அவளுக்கு அப்போது வயிற்றில் ஏழு மாதம். கிட்டங்கிப் பாலத்துக்குக் கிட்ட வரும்போது, நல்ல இருட்டில், வலது விளக்கு பட்டென்று நின்றது. எதிரே வந்த உழவு மெசின்காரர் ஒற்றை விளக்கைப் பார்த்து மோட்டார் சைக்கிள் என்று எண்ணியிருக்கிறார், தாராளமாக நடுவீதிக்கு ஏறி வந்தார். நான் இடது பக்கம் வெட்டினேன். முன்சில்லு கரையை விட்டு இறங்கித் தண்ணீரில் நின்றது. ஆளுக்கு ஒன்றும் இல்லை. மெசின்காரரே கயிறு கட்டி இழுத்தும் விட்டார். ஆனால் வீடு வரும்வரைக்கும் மனைவி வயிற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. அந்தப் பயம் எனக்குக் கோபமாக மாறிவிட்டது. அடுத்த நாள் பின்னேரம் அஸர் தொழுத கையோடு கடைக்குப் போனேன்.

பெருநாள் கிட்டுகிற நாள், கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். பல்ப்பை மேசையில் வைத்தேன். வைத்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது, எறிந்தேன்.

"நோன்பு நாளையில இப்படி டூப்ளிகேட் சாமான் விக்கிறீங்களே காக்கா, என்ட குடும்பம் ஆத்துக்குள்ள போகப் பாத்த!"

அவர் பல்ப்பைத் தகட்டுப் பக்கத்தில் பிடித்துத் தூக்கி, டியூப் லைட் வெளிச்சத்தில் மெல்லத் திருப்பினார். கண்ணாடியின் ஒரு பக்கத்தில், பெருவிரல் அளவுக்கு, வெள்ளையாகக் கொப்புளம் போட்டிருந்தது. நானும்தான் பார்த்தேன். பார்த்து என்ன, மட்டமான கண்ணாடி என்று நினைத்தேன்.

"இது நல்ல சாமான் சேர். நோன்பு வாயோட சொல்றன்" என்றார்.

"அப்ப எப்படி எட்டு நாளையில போற?"

"நீங்க மாட்டக்குள்ள கண்ணாடியில..." என்று தொடங்கினார். நின்றவர்களைச் சுற்றிப் பார்த்தார். அதில் ஒருவரின் பிள்ளை என்னிடம் படிக்கிறது. காக்கா பேச்சை விழுங்கிக்கொண்டார். "சரி சேர். வேற ஒண்டு மாட்டித் தாறன்."

தானே வெளியே வந்து, ஒரு துண்டுக் கடதாசியால் புதிய பல்ப்பைப் பொத்திப் பிடித்து, விரல் படாமல் மாட்டினார். நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்து நின்றேன். என் கண்ணுக்கு முன்னாலேதான் செய்தார். பரிசோதனைக் குழாயை எப்படிப் பிடிப்பது என்று பிள்ளைகளுக்கு மூன்று தரம் சொல்லிக் கொடுக்கிற எனக்கு, அந்தக் கடதாசி எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை. பிடிபட்ட மனிதர் பவ்வியம் காட்டுகிறார் என்றே நினைத்தேன்.

அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. ஆசிரியர் அறையில் இதை ஒரு கிழமை சொன்னேன். பாண்டிருப்பிலிருந்து வருகிற கணித ஆசிரியர், "அப்ப அந்தப் பக்கம் போகாம விடுறதுதான் நல்லம் சேர்" என்றார். மோட்டார் சைக்கிள் வைத்திருந்த மற்றவர்களும் வேறு கடை பார்த்தார்கள். பிறகு ஹனீபா காக்கா பல்ப்பைக் கையில் கொடுத்து அனுப்புவதில்லை, யார் வந்தாலும் தானே மாட்டித்தான் விடுகிறார் என்று கேள்விப்பட்டேன். "நான் ஏசின ஏச்சில மனிசன் திருந்திட்டார்" என்று அதையும் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். எழுதும்போதே காது சுடுகிறது.

இரண்டு வருடம் கழித்து, ஒரு காலையில் அவர் என் வீட்டு வாசலுக்கு வந்தார். வெள்ளைச் சேட்டு, வெள்ளைத் தொப்பி. ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் அப்போதெல்லாம் தெரிந்தவர் வீட்டுக்கெல்லாம் நடந்தே போய்ப் பொருத்தம் கேட்பார்கள். நான் ஏதும் குற்றம் செய்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள் என்று கேட்பதுதான் அது. கேட்கப்படுகிறவரும் உடனே, நீங்களும் என்னைப் பொருந்திக்கொள்ளுங்கள் என்று திருப்பிச் சொல்ல வேண்டும். சலாமுக்குச் சலாம் சொல்கிற மாதிரி அது தானாக வாயில் வரும்.

"அந்த பல்ப் விசயத்தில உங்கட மனசில ஏதும் இரிந்தா பொருந்திக்கோங்க சேர்" என்றார்.

"பொருந்திட்டன் காக்கா, பெய்த்து வாங்க. எனக்கும் துஆ செய்ங்க" என்றேன். குரலில் என்ன பெருந்தன்மை தெரியுமா. மற்றப் பாதியைச் சொல்லவில்லை. மறந்துபோகவில்லை. இந்த மனிதரிடம் நான் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேதான் வாயை மூடினேன். அவர் ஒரு செருப்பைப் போட்டுக்கொண்டு மற்றதைப் போடாமல் கொஞ்ச நேரம் நின்றார். எதற்காக நின்றார் என்று எனக்கு அப்போதே தெரியும். பிறகு மற்றச் செருப்பையும் போட்டுக்கொண்டு, சலாம் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் மவுத்தாகிப் பன்னிரண்டு வருடம் இருக்கும். ஜனாஸாத் தொழுகைக்கு முன் அவருடைய தம்பி எழும்பி நின்று, "எங்கட காக்கா யாருக்கும் ஏதும் குறை செய்திருந்தா பொருந்திக்கோங்க" என்று சொன்னபோது, "பொருந்திட்டம்" என்று சொன்ன கூட்டத்தில் என் சத்தமும் இருந்தது. ஆக, ஒரு குற்றமும் செய்யாத மனிதரை நான் இரண்டு தடவை மன்னித்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை பெட்டியை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பல்ப் போடாமலே அஸருக்குப் பிறகு அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி முக்காட்டை இழுத்துவிட்டபடி கதவடிக்கு வந்தார். நான் என் பெயரைச் சொல்லத் தொடங்குமுன்,

"ஓம், பல்ப் சேர்தானே? வாங்க, இரிங்க" என்றார்.

எனக்கு இருக்க முடியவில்லை. நின்றபடியே கேட்டேன். "அவர் அதப் பத்திக் கதைச்சாரா ராத்தா?"

"கதைச்சார். எண்ணெய்க் கை பட்ட பல்ப்பு, பாத்த உடனே தெரிஞ்ச எண்டார். புள்ளட வாப்பா நிக்கக்குள்ள வாத்தியார்ட மானத்த வாங்க ஏலுமா எண்டார். அதுக்குப் பொறகுதான் ஒருத்தருக்கும் சொல்லிக் குடுக்காம, தானே மாட்டி மாட்டி விட்டவர்."

பெட்டியை எடுத்துக் காட்டினேன். என்ன காட்டுகிறேன் என்று எனக்கே விளங்கவில்லை. "பிழை என்ட ராத்தா. அவர் உண்மையத்தான் சொன்ன. என்னப் பொருந்திக்கோங்க."

"என்ட பங்குக்கு நான் பொருந்திட்டன். ஆனா அது அவர்ட சாமான் சேர். நான் எப்படி எடுத்துத் தாற?"

"அவர்... என்னப் பொருந்தி இரிப்பாரா?"

ராத்தா என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை, கேள்வி மட்டும்தான் இருந்தது.

"ஹஜ்ஜுக்குப் போகக்குள்ள உங்கட வீட்ட வந்தாரே. அப்ப நீங்க கேக்கல்லயா?"

தேத்தண்ணி தந்தார். குடித்தேன். என்ன கதைத்தோம் என்று நினைவில்லை.

ஹனீபா காக்காவின் கடை இருந்த இடத்தில் இப்போது கைபேசி உறை விற்கிறார்கள். ஹஜ்ஜுக்குப் போகிறவர்களும் வாசலுக்கு வருவதில்லை. கைபேசியில் குரலைப் பதிந்து ஒரே அடியாக எல்லோருக்கும் அனுப்பிவிடுகிறார்கள், நாமும் ஒரு கைப் படத்தை அனுப்பி முடித்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் செய்வதாக இருந்தேன். இப்போது மனைவியையும் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போகிறேன். பல்ப்பை அன்று மாலையே கடதாசியால் பிடித்து மாட்டிவிட்டேன், நன்றாக எரிகிறது. போகிற வீடெல்லாம், "பொருந்திட்டம் சேர், நீங்களும் எங்களப் பொருந்திக்கோங்க" என்று யோசிக்காமல் சொல்கிறார்கள். ஒருவர்கூட அந்த மற்றப் பாதியை விடவில்லை. அதைக் கேட்கிற ஒவ்வொரு வாசலிலும், வெளியே வந்து ஒரு செருப்பைப் போட்டதும் நான் நின்றுவிடுகிறேன். ஒரு செருப்போடு அவர் என் வாசலில் காத்து நின்ற நேரம், நான் அந்தப் பாதியைச் சொல்வதற்குப் போதுமாகத்தான் இருந்தது.