குழை முறிக்கக் கூடாத காடு

எங்கள் வீட்டுக்குப் போகிற ஒழுங்கை முடிகிற இடத்தில் ஒரு காடு இருக்கிறது. இருக்கிறது என்றுதான் ஊரில் இன்னும் சொல்கிறார்கள், நானும் சொல்கிறேன். நெடுங்கேணிக்குப் போகிற பஸ்ஸில் இருந்து பார்த்தால் பச்சையாகத்தான் தெரியும்.

சண்டை முடிந்து முகாமிலிருந்து நாங்கள் திரும்பி வந்தபோது சுற்றவர எல்லாம் வெட்டவெளி. குளத்தங்கரையோடு அந்த ஒரு துண்டு மட்டும் பாலையும் வீரையும் முதிரையுமாக நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. யாரும் பெரிய மனது பண்ணி விட்டுவைத்ததல்ல. உள்ளே மிதிவெடி. மண்டையோடு கீறிய சிவப்புப் பலகையைத் தாண்டிப் போக ஒருவருக்கும் துணிவில்லை. வெடி அகற்றுகிற ஆட்கள் வந்து வேலையை முடிக்க வருஷக்கணக்காயிற்று. அந்தப் பலகையைப் போல ஒரு காவல்காரன் அந்தக் காட்டுக்குப் பிறகு வாய்க்கவேயில்லை.

பலகையைக் கழற்றிய பிறகு முதலில் உள்ளே போனவர்கள் விறகு பொறுக்கும் பெண்கள். அவர்களில் ஒருத்தி எங்களுக்கு அடுத்த வீடு, பக்கத்து வளவுக்காரி. அவளுடைய தாய் தகப்பன் தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்தவர்கள். எங்களுடையவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் வந்து வயல் எடுத்தவர்கள். எங்கள் கச்சான் தோட்டத்தில் புல்லுப் பிடுங்க அவள் வருவாள். என்னைவிட மூத்தவள், இருந்தாலும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அது எனக்கு எப்போதும் ஒரு கூச்சம்.

காட்டுக்குள் இறங்குமுன் ஒரு குழையை முறித்து, முன்னால் நிற்கிற மரக்கிளையில் செருகி, "ஐயனே, போயிட்டு வர விடு" என்று கும்பிட்டுவிட்டுத்தான் அவள் கால் வைப்பாள். இங்கே எல்லோரும் செய்வதுதான். ஐயனாரிடம் சொல்லாமல் காட்டுக்குள் போனவனை யானை பார்க்கும், பாம்பு பார்க்கும் என்று பயம். நானும் முறித்திருக்கிறேன். ஒரு கை இலை, அவ்வளவுதான். அந்த மரம் அதற்காகச் செத்துப்போனதில்லை.

குளத்துக்கு அப்பால் இன்னொரு காடு இருந்தது. அதைக் கிரவல் மண் தோண்டுகிறவர்கள் தின்றார்கள். வீதி போடக் கிரவல் வேண்டும், கட்டடம் கட்டக் கிரவல் வேண்டும். மண் கிண்டுகிற பெக்கோ வந்தது, டிப்பர் வந்தது, பிறகு காடு கிடந்த இடத்தில் சிவப்பாய்ப் பள்ளம் விழுந்த கிடங்கு. அந்தப் பக்கத்துக் கிணறுகள் ஆடி மாதமே வற்றிப்போயின. எங்கள் காட்டுக்கும் அந்தக் கதி வரக்கூடாது. எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். மாதர் சங்கத்துக்கு அந்த வருஷம் நான்தான் தலைவி. கையெழுத்து வாங்கிக்கொண்டு பிரதேச சபைக் கந்தோருக்கு நடையாய் நடந்தேன். என் வாய்க்குப் பயந்துதான் கடைசியில் இணங்கினார்கள் என்று என்னுடைய மனுசன் இன்றைக்கும் பகிடி பண்ணுவார்.

வீதிக்கரையில் பச்சைப் பலகை நட்டு, ஊர்ப் பக்கத்துக்கு முட்கம்பியும் இழுத்தார்கள். பாதுகாக்கப்பட்ட வனப் பகுதி. மும்மொழியிலும் விதிகள். அனுமதியின்றி உட்செல்லக் கூடாது. தாவரங்களுக்கோ அவற்றின் பகுதிகளுக்கோ ஊறு விளைவிக்கக் கூடாது. குப்பை, நெருப்பு, கால்நடை, எல்லாம் கூடாது. காய்ந்த விறகை மட்டுமாவது விடுங்கள் என்று கூட்டத்தில் கேட்டேன். கிராமத்துக்குப் பொறுப்பான விதானையாரிடம் கடிதம் எடுத்து வந்தால் பார்க்கலாம் என்றார்கள். பலகையைத் திறந்து வைத்த அன்று நான் நல்ல சேலை உடுத்திக்கொண்டு போனேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

புதிதாகப் போட்ட காவலாளி முதன்முதலாகப் பிடித்தது பக்கத்து வளவுக்காரியைத்தான். அவள் கடிதத்துக்காக விதானையாரிடம் போய்ப் போய்க் களைத்துப்போயிருந்தாள். அன்று அடுப்புக்கு ஒன்றுமில்லை. காட்டு விளிம்பில் நின்று குழையை முறித்திருக்கிறாள். உள்ளே கால்கூட வைக்கவில்லை. ஐயனைக் கும்பிட்டுக்கொண்டு நின்றவளைக் கையும் குழையுமாகக் கந்தோருக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

கேள்விப்பட்டு ஓடினேன். வெயிலில், கந்தோர் வாசலில் நின்றாள். உட்காரக் கதிரை கிடந்தது. ஆனால் இரு என்று ஒருவரும் சொல்லவில்லை, அவளும் இருக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளே போய்ச் சத்தம் போட்டேன்.

"சாமிக்கு ஒரு குழை முறிச்சதுக்கு ஒரு பொம்பிளையைப் பிடிச்சு நிப்பாட்டி வைச்சிருக்கிறியள், வெக்கமா இல்லையோ?"

உள்ளே இருந்த அதிகாரி இளம் பொடியன். மரியாதையாகத்தான் பேசினான்.

"அம்மா, நீங்கள்தானே விதி போடச் சொல்லிக் கேட்டனீங்கள்? இவவுக்கு விட்டால் நாளைக்கு எல்லாரும் முறிப்பினம்."

இனி அந்த எல்லைக்குள் கால் வைக்கமாட்டேன் என்று எழுதி, அவளிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டு பின்னேரம் விட்டார்கள். இரண்டு பேரும் ஒன்றாகவே நடந்து வந்தோம். வீட்டுப் படலையடியில் நின்று சொன்னாள்.

"நீங்க மனசுல வச்சிக்காதீங்க அக்கா. சட்டம்னா சட்டம்தானே."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்தச் செய்தி ஊர் முழுக்கப் பரவியது. குழை முறித்ததற்கே இந்தப் பாடு என்றால் விறகுக்கு என்ன பாடோ என்று பெண்கள் அந்தப் பக்கம் போவதையே விட்டார்கள். மாடு தேடிப் போகிறவர்கள் விட்டார்கள். பாலைப்பழக் காலத்தில் பிள்ளைகள்கூடப் போகவில்லை. காடு நல்லாய் இருக்கட்டும் என்று நானும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மாரி பிடித்தது. குளத்துக்குத் தண்ணீர் வந்தது. ஒரு காலை உடுப்புத் தோய்க்கப் போனால், வாய்க்காலால் ஓடி வருகிற வெள்ளம் செங்கல் கரைத்தமாதிரிச் சிவப்பு. அப்பால் கிடக்கிற பழைய கிடங்கிலிருந்து வருவதாக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அந்த வாய்க்கால் வருவது எங்கள் காட்டுக்குள்ளிருந்து.

ஒழுங்கை முடிவில் முட்கம்பி அறுந்து ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு கடப்பு கிடந்தது. அதற்குள்ளால் புகுந்தேன். முன்னால் நாலைந்து வரிசை மரம், அதே பாலை, அதே வீரை. அதைத் தாண்டினால் ஒன்றுமில்லை. வானம். பெரிய சிவப்புக் கிடங்கு, அடியில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. வேரோடு புரட்டிய மரங்கள் ஒரு கரையில். குளக்கட்டுப் பக்கத்தால் டிப்பர் வந்துபோக அகலமான பாதை. அங்கே வேலியும் இல்லை, பலகையும் இல்லை. அந்த இடத்திலேயே குந்திவிட்டேன்.

எங்களுக்கு ஏன் தெரியாமல் போனது? சத்தம் கேட்டதுதான். குளத்துக்கு அப்பால் கிண்டுகிறார்கள் என்று இருந்துவிட்டோம். நேரே பக்கத்து வளவுக்குப் போனேன்.

"உனக்கு இந்தக் காடு முழுக்கத் தெரியுமே. உன்ரை கண்ணிலையும் படேல்லையோ?"

அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் சுளகைக் கீழே வைத்தாள்.

"யாரு உள்ள போனா, அக்கா, பாக்கிறதுக்கு?"

முன்பென்றால் விறகு பொறுக்கும் பெண்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் போவார்கள். முதல் மரம் விழுந்த அன்றே ஊருக்குத் தெரிந்திருக்கும். ஊரே திரண்டு டிப்பருக்கு முன்னால் படுத்திருக்கும், நானும் படுத்திருப்பேன்.

மறுநாள் கந்தோருக்குப் போனேன். அதே பொடியன், அதே மேசை.

"நீங்கள் இதை எப்பிடிக் கண்டனீங்கள், அம்மா?"

"போய்ப் பாத்தனான்."

"உள்ளுக்கோ?"

"உள்ளுக்குப் போகாமல் மேலாலை பறந்தே பாக்கிறது?"

"அனுமதி எடுத்தனீங்களோ?"

கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். பிறகு சொன்னேன்.

"இல்லை. எடுக்கேல்லை. எழுதுங்கோ. நான்தான் போனனான் எண்டு எழுதிப்போட்டு, பிறகு அந்தக் கிடங்கைப் பற்றியும் எழுதுங்கோ."

முதலாவதை எழுதினான். எந்தப் பக்கத்தால் நுழைந்தேன் என்று கேட்டான். ஒழுங்கை முடிவில் கம்பி அறுந்த இடத்தால் என்று உள்ளதைச் சொன்னேன். அதையும் எழுதினான். பிறகு பேனையை மூடினான்.

"கிரவல் எடுக்கிற ஆக்களுக்கு மேலிடத்து அனுமதி இருக்கு, அம்மா. விதியிலையே கிடக்குத்தானே, அனுமதியில்லாமல் போகக்கூடாதெண்டு. அவை அனுமதியோடைதான் போகினம். எங்கடை கையிலை ஒண்டுமில்லை."

அவனுடைய முகத்தில் கள்ளம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. கள்ளம் இருந்திருந்தால் சண்டை பிடிக்க ஒரு ஆள் கிடைத்திருப்பான். பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

சில நாள் கழித்து சபை உழவு இயந்திரம் ஒன்று கொங்கிறீட் தூண்களோடும் முட்கம்பியோடும் எங்கள் ஒழுங்கைக்குள் வந்தது. அதைக் கண்டதும் எனக்கு உயிர் வந்தது. பக்கத்து வளவுக்காரியைக் கூப்பிட்டேன், இரண்டு பேரும் படலையில் நின்று பார்த்தோம். ஆட்கள் இறங்கினார்கள். நான் நுழைந்த கடப்பில் தூணை இறுக்கி நட்டு, வரிக்கு வரி கம்பி இழுத்து, ஒரு நாய்கூடப் போக முடியாதபடி அடைத்தார்கள். நல்ல வேலை, குறை சொல்ல முடியாது. குளக்கட்டுப் பக்கம் அவர்கள் போகவேயில்லை. அங்கே பெக்கோ இரைந்துகொண்டுதான் இருந்தது.

போகும்போது காவலாளி என்னைக் கண்டு சைக்கிளை நிறுத்தினான்.

"உங்கடை முறைப்பாட்டுக்கு நடவடிக்கை எடுத்தாச்சு, அம்மா," என்றான்.